எண்ணாயிரத்து நெல்லும் கண்ணாடி இழையும்

(திண்டிவனம் வட்டாரக் கல்லூரி ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)

 

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பிரம்மபுரீஸ்வரர், பாதாளீஸ்வரர் என்று இரண்டு சோழர் காலக் கோயில்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அதை அடுத்த ஊர் எண்ணாயிரம். அங்குள்ள நரசிம்மப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது, ஒரு கல்லூரியின் கணக்கைச் சொல்கிறது. மாணவர்கள் 340 பேர். இளநிலையில் 270, மேல்நிலையில் 70. ரிக் வேதத்துக்கு 75 பேர், யசுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 பேர், மேல்நிலை வியாகரணத்துக்கு 25 பேர், வேதாந்தத்துக்கு 10 பேர் என்று துறைவாரியாகப் பிரித்தே வெட்டியிருக்கிறார்கள். இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலை மாணவனுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. இத்தனைக்கும் வருவாய் தர 45 வேலி நிலம்.

இதுவும் ஓர் அறக்கட்டளைதான். அதனால்தான் கணினியையும் வலையமைப்புப் பொறியியலையும் கல்லூரியில் எப்படிப் படிப்பது என்ற இன்றைய பேச்சு எண்ணாயிரத்தில் தொடங்குகிறது. சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று: வலையமைப்பு படிப்பவர்களுக்கு இந்த மாவட்டமே ஆய்வகம், இங்கே நேர்கிற பழுதுகளே பாடநூல். அதை ஆறு குறிப்புகளில் விரித்துச் சொல்லலாம்.

1. நெல்லும் இடமும்

எண்ணாயிரத்துக் கணக்கில் முதலில் கண்ணில் படுவது நெல். பாடத்தை வகுத்தவர்கள் மாணவனின் வயிற்றையும் சேர்த்தே வகுத்தார்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் திருபுவனையிலும் இதே ஏற்பாடு இருந்தது. இராசாதிராசன் காலத்தில், 1048இல், அங்கே 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள்.

இன்று இதே சாலைகளின் ஓரம் பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன; மயிலத்தில் தனியார் கல்லூரி உள்ளது. நுழைவுத் தேர்வு போனது, முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்ற திட்டங்களின் வழியே மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 6 நாழி நெல்லுக்கு இன்றைய பெயர் அது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எண்ணாயிரத்தின் 340 இடங்களும் வேதம் ஓதுவோருக்கே. அந்த 45 வேலியை உழுதவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இலக்கணம் கற்க வழியில்லை. இன்று கணினிப் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளின் வழி வந்தவர்கள். கல்வெட்டின் காலத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த இடம் இது. ஆகவே அந்த இருக்கையில் என்ன சொல்லித் தருகிறோம் என்பதில் அலட்சியம் காட்ட யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு சிறு செய்தி. ரூபாவதாரம் என்பது பாணினியின் சூத்திரங்களைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கிய நூல். கணினி மொழிகளின் தொடரமைப்பை எழுதப் பயன்படும் பாக்கஸ் குறிமுறையைக் கம்பைலர் வகுப்பில் படிப்பீர்கள். அதே வகையான விதிமுறையைப் பாணினி எப்போதோ கையாண்டுவிட்டார், இருவர் பெயரையும் சேர்த்தே அதை அழைக்கலாம் என்று 1967இல் இங்கர்மன் என்ற அமெரிக்கர் கணினி ஆய்விதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அந்த வகுப்பில் உட்காரும்போது எண்ணாயிரத்தின் 40 பேரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

2. ஐந்து வழிச் சந்திப்பு

வலையமைப்புப் பாடத்தின் முதல் அலகு ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகள். 'படத்துடன் விளக்குக' என்பது 13 மதிப்பெண் கேள்வி. ஏழு அடுக்கின் பெயர்களையும் வரிசை மாறாமல் எழுதிவிட்டால் தேர்ச்சி உறுதி. ஆனால் அப்படி எழுதியவரிடமே, "விடுதியில் வைஃபை இருக்கிறது, இணையம் வரவில்லை, எந்த அடுக்கில் பார்ப்பாய்?" என்று கேட்டால் தயங்குகிறார். அடுக்குகள் கைகொடுப்பது இந்தக் கேள்விக்குத்தான். கீழிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, 'இதுவரை சரி, இதற்கு மேல்தான் கோளாறு' என்று விரல் வைத்துக் காட்டுவதற்கு.

வழியைத் தீர்மானிக்கும் மூன்றாம் அடுக்கைப் படிக்க விழுப்புரம் சந்திப்புக்குப் போகலாம். அங்கிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. ரௌட்டர் செய்கிற வேலையும் இதுதான். வந்த பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியைப் பார்த்து, எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது.

இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது. ரயிலின் முழு வழியும் புறப்படுமுன்பே எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவாகிவிடுகிறது. பாக்கெட்டுக்கு அப்படி முன்கூட்டிய பயணத் திட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ரௌட்டரும் அடுத்த ஒரு தாவலை மட்டுமே தீர்மானிக்கிறது. உவமை எங்கே உடைகிறது என்பதை மாணவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும். அந்த இடத்தில்தான் பாடம் மனதில் தங்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு நேர்வழி இல்லை. வரைபடத்தில் மிஞ்சியது காட்பாடி சுற்று. வலையமைப்பில் இதே நிலை வந்தால் என்ன ஆகும்? ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறையில் பக்கத்து ரௌட்டர்கள் வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. 40 நொடி சத்தமே வராவிட்டால் அண்டை ரௌட்டர் இறந்ததாகக் கருதி, எல்லாரும் வழிப்பட்டியலைத் திருத்திக்கொள்கிறார்கள். ஏன் 40? ஏன் 10 இல்லை? ஒரே ஒரு செய்தி தவறினாலே பதறி வழியை மாற்றினால், நொடிக்கு நொடி வழி மாறி வலையே தள்ளாடும். முண்டியம்பாக்கத்துப் பாலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தவர் மறக்க மாட்டார்.

3. பொங்கல் நேரத்து டோல்கேட்

பொங்கலுக்கு முந்தைய இரவு விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை இங்கே பார்க்காதவர் இல்லை. சாலை அகலமானதுதான், வண்டிகளும் வேகமாக வருபவைதான். ஆனாலும் வரிசை நகர்வதில்லை.

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் இதே காட்சி. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தொலைவு. நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, திடீரென்று நொடிக்கு 40 பிட் என்று சரிந்தது. இணைப்பு அறுபடவில்லை, எந்தக் கருவியும் எரியவில்லை. வேன் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். நெரிசலில் பாக்கெட் தொலைகிறது. பதில் வராத கணினி அதையே மறுபடி அனுப்புகிறது. அதனால் நெரிசல் கூடுகிறது. இன்னும் அதிகமாகத் தொலைகிறது. சாவடியில் சிக்கிய ஒவ்வொரு வண்டிக்கும் பதிலாகச் சென்னையிலிருந்து இன்னொரு வண்டியைக் கிளப்பிவிட்டதைப் போல.

ஜேக்கப்சன் சாவடியை அகலப்படுத்தவில்லை. அனுப்புகிறவரின் பழக்கத்தை மாற்றினார். முதலில் கொஞ்சமாக அனுப்பு, பதில் வந்தால் கூட்டு, தொலைந்தால் சட்டென்று குறை. 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது. இன்று கைப்பேசியில் ஒரு கோப்பு இறங்கும்போதும் அந்த வழியில் வந்த விதிகளே வேலை செய்கின்றன.

வகுப்பில் இன்றே செய்து பார்க்க ஒரு பயிற்சி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். போக 0.8 மில்லி நொடி, வர 0.8, ஆக 1.6 மில்லி நொடி. கைப்பேசி இணையத்தில் 'பிங்' அடித்துப் போய்வரும் நேரத்தை அளந்தால் அதைப்போலப் பல மடங்கு வரும். மீதி நேரம் எங்கே போனது? கொஞ்சம் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே முறை வருவதற்காகக் காத்ததில், கொஞ்சம் ஏதோ ஒரு ரௌட்டரின் வரிசையில், கொஞ்சம் நேராகப் போகாமல் சுற்றிப் போனதில். அந்த மீதியைப் பங்கு பிரித்துக் காட்டும் மாணவிக்கு 13 மதிப்பெண் போதாது.

4. அறுந்த இழை

இந்தக் குறிப்பில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

சாலையோரம் ஜே.சி.பி. பள்ளம் தோண்டுகிறது. சற்று நேரத்தில் ஒரு வட்டாரத்தின் வங்கிக் கிளை, இ-சேவை மையம், பெட்ரோல் பங்க்கின் அட்டைக் கருவி எல்லாம் நின்றுவிடுகின்றன. களத்தில் இருப்பவர்கள் இதை 'ஃபைபர் கட்' என்பார்கள். அறுந்தது தெரிகிறது. எங்கே அறுந்தது? 20 கிலோமீட்டர் நீளமும் மண்ணுக்குள்.

கூட்டேரிப்பட்டுப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் ஒரு வேன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்கதவு திறந்திருக்கிறது. தட்டின் மேல் ஓ.டி.டி.ஆர். என்ற கருவி. அது இழைக்குள் ஓர் ஒளித் துடிப்பை அனுப்பிவிட்டு, திரும்பி வரும் எதிரொளிக்காகக் காத்திருக்கிறது. ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 200 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டுமென்பதால் ஒரு மைக்ரோ நொடிக்கு 100 மீட்டர் என்று கணக்கு. 83 மைக்ரோ நொடியில் எதிரொளி வந்தால் 8.3 கிலோமீட்டரில் வெட்டு. பிளஸ் டூ இயற்பியலே இதற்குப் போதும்.

ஆனால் 8.3 கிலோமீட்டர் என்பது கண்ணாடியின் நீளம். சாலையின் நீளம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு ஜாயின்ட் பாக்ஸிலும் பின்னால் உதவும் என்று பல மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எங்கே எத்தனை சுருள் என்பது கேபிள் போட்ட நாளில் உடன் இருந்தவருக்கோ, அன்று ஒழுங்காக எழுதிவைத்த பதிவேட்டுக்கோதான் தெரியும். கருவி சொன்ன எண்ணிலிருந்து சுருள்களைக் கழித்து, "அந்தப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம் தோண்டு" என்று சொல்கிற லைன்மேன் வலையமைப்புப் பொறியியலின் முக்கியமான பகுதியைக் கையில் வைத்திருக்கிறார்.

அடுத்தது ஒட்டு வேலை. கறுப்பு மேலுறையைச் சுற்றி வெட்டி உருவுகிறார்கள். உள்ளே பிசுபிசுப்பான ஜெல். அதைத் துணியால் வழித்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வண்ண இழைகள். பூச்சை ஸ்ட்ரிப்பரால் சுரண்டி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்கிறார்கள். மிஞ்சும் கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரோமீட்டர், அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரோமீட்டர். கிளீவரில் வைத்து முனையைச் செங்குத்தாக நறுக்கியதும் இரண்டு முனைகளும் ஸ்ப்ளைசிங் எந்திரத்தின் திரையில் பெரிதாகத் தெரிகின்றன. எந்திரம் தானே நேர்படுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறது. இழப்பு 0.02 டெசிபல் என்று திரையில் வந்தால் நல்ல ஒட்டு. 0.3 என்று வந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்து. மேலே குழாயைச் சுடவைத்துச் சுருக்கி மூடுகிறார்கள். இப்படி 24 இழைகள். காற்றில் ஒரு தூசி வந்தால் போச்சு. மழை தூறினால் ஒருவர் குடை பிடிக்க வேண்டும். நறுக்கிய துணுக்குகளை எண்ணிக் குப்பியில் போடுவார்கள். தோலுக்குள் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள். பட்டம் படிப்பவர்கள் நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த வேனின் பின்னால் நின்றதில்லை. பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளில் வலையை வரைந்து பழகுவது நல்ல பயிற்சிதான், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அந்தத் திரையில் கேபிளை எலி கடிக்காது, அவ்வளவுதான். ஆண்டுக்கு இரண்டு நாள் அந்தத் தொழிலாளர்களை ஆசிரியர்களாக அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு, உரிய ஊதியமும் கொடுத்துப் பாடம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசேர்ப்பது டான்ஃபினெட் நிறுவனத்தின் பாரத்நெட் பணி. அதன் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே போகிறது. கண்ணாடி மின்சாரம் கடத்தாது, அதனால் இது முடிகிறது. மண்ணைத் தோண்ட வேண்டாம், வேலையும் விரைவு. ஆனால் 2011 டிசம்பரில் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல் வருகிற கரை இது. கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒரே நேரத்தில் போகும். மின்சாரம் போனபின் கைப்பேசிக் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் வண்டி வரும் சாலையில் வெள்ளம் நின்றால் அதுவும் முடிந்தது. மரக்காணம் ஒன்றியத்தின் வரைபடத்தைக் கையில் கொடுத்து, எந்தப் பகுதியில் கம்பம், எந்தப் பகுதியில் பள்ளம், எங்கே இரண்டாவது வழி என்று செலவுக் கணக்கோடு எழுதச் சொன்னால் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

5. வில்லியனூரும் நல்லவாடும்

விழுப்புரத்தை அடுத்த புதுச்சேரியின் வில்லியனூரில் 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஊர்களில் அறிவு மையம். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. தொலைபேசிக் கம்பி நம்பத்தக்கதாக இல்லாததால் ஊர்களை வானொலி அலையால் வில்லியனூரோடு இணைத்தார்கள். மின்வெட்டுக்காகச் சூரியத் தகடுகள் வைத்தார்கள். மையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். எந்தச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை; எண்ணாயிரத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அந்த ஒரு நிபந்தனையே காட்டும்.

அந்த மையங்களில் ஒன்று இருந்த மீனவ ஊர் வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் கரையில் நின்று கேட்டார்கள். செயற்கைக்கோளும் இணையமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடந்தன. கடைசிச் சில நூறு மீட்டரைக் கடந்தது ஒரு கூம்பு ஒலிபெருக்கி.

2004 டிசம்பர் 26 காலை, அறிவு மையம் இருந்த இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர், சிங்கப்பூரில் இருந்தபடி சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களைக் கரையை விட்டு ஓடச் செய்தார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. மக்கள் பிழைத்தார்கள்.

வலையமைப்பு படிப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பு எந்தச் செய்தியைச் சுமந்தது? மின்சாரம் எங்கிருந்து வந்தது? ஒலிபெருக்கி அன்று பழுதாகிக் கிடந்திருந்தால்?

6. மொழி

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-11 முதல் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் உண்டு. கணினிப் பொறியியலுக்கு அப்போது அந்த வழி திறக்கவில்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 'லிங்க் டவுன்', 'லாஸ் அதிகம்', 'போர்ட் மாத்திப் பாரு' என்று களம் ஏற்கெனவே தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. சொற்கள் ஆங்கிலம், வாக்கியம் தமிழ். காரணத்தை அந்தத் தமிழில் விளக்கச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் காரணம் சொல்ல முடிந்தவருக்கு ஆங்கிலத் தேர்வு ஒரு தடையே இல்லை. 'இணையம்' என்ற சொல்லையே சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. இன்று அது இல்லாமல் ஒரு நாளேடு வருமா?

ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் 1965இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியலை முதுநிலைப் பாடமாகத் தொடங்கியபோது நாட்டில் அதற்குப் பாடநூல் மரபே இல்லை. மாணவர் வாங்கக்கூடிய விலையில் தாமே ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஓர் ஆசிரியர் இந்த வட்டாரத்து வலையமைப்பை வைத்து 100 பக்கத்தில் தமிழில் ஒரு கைநூல் எழுதினால் போதும்.

இனி, அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள்.

ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேசவைப்பதோடு, அடுத்த ஆண்டு வட்டியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்: 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒன்று, கிரிம்பிங் டூல் பத்து, கழித்துப் போட்ட ஸ்விட்சுகள் சில, ஒரு பவர் மீட்டர். இவற்றோடு கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு. கல்லூரியின் வலையமைப்பில் நேரும் ஒவ்வொரு பழுதும் அதில் ஏற வேண்டும். கோயில் சுவரில் நெல்லையும் மாணவரையும் எண்ணி வெட்டியவர்கள் வைத்த அளவு கவனத்தோடு: தேதி, நேரம், என்ன நின்றது, முதலில் எதைச் சந்தேகித்தோம், உண்மையில் எது கெட்டிருந்தது, சரியாக எத்தனை நிமிடம் ஆனது. கடைசிக் கட்டத்தில், கண்டுபிடித்த மாணவரின் பெயர், ஆண்டு, ஊர்.